சிறிய மேடையில் கிட்டார் ஆம்புக்கு மைக் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

50 பேர் முதல் 200 பேர் வரை கூடும் சிறிய அரங்குகளில் பல ஆண்டுகளாக மேடையின் ஒலிகளைக் கலந்து அனுப்பும் மிக்சர் கருவி முன் நின்று வருகிறேன். பாடகரின் மைக்குக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நாம் கிட்டார் ஆம்புக்கு, அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டிக்கு, காட்டுவதில்லை. மைக்கை ஏதோ ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு இரவு முழுவதும் மிக்சரின் குமிழ்களோடு மல்லுக்கட்டுகிறோம். கீழே உள்ளவை கிட்டார் கலைஞர்களும், ஒலி அமைப்பைப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை. ஓர் ஆம்ப், ஒரு மைக், ஒரு கேபிள் என்ற எளிய ஏற்பாட்டை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

அரங்கே சிறியது. ஆம்பின் சத்தமே போதும்போல் இருக்கிறது. பிறகு எதற்கு மைக்?

சத்தத்துக்காக அல்ல, பரவலுக்காக. கிட்டார் ஸ்பீக்கர் தாழ்ந்த சுரங்களை நாலாபுறமும் பரப்பும். உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் டார்ச் வெளிச்சம்போல் குவித்து நேர்முன்னே அனுப்பும். அந்தக் குவியலுக்கு நேரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு மீட்டலும் காதில் ஊசி இறங்குவதுபோல் இருக்கும். நான்கு நாற்காலி தள்ளி இருப்பவருக்கோ அதே கிட்டார் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் மங்கிக் கேட்கும். ஆம்பின் சத்தத்தைச் சற்றுக் குறைத்து, கிட்டாரின் ஒரு பங்கை அரங்கின் ஸ்பீக்கர்கள் வழியே கொடுத்தால் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே இசை போய்ச் சேரும்.

இன்னொரு காரணமும் உண்டு. மைக் இல்லாத கிட்டார் மிக்சரில் நிற்பவரின் கைக்கு எட்டாத கிட்டார். தனி வாசிப்பு வரும்போது அதைத் தூக்கிக் கொடுக்க அவருக்கு வழியே இல்லை.

30, 40 பேர் மட்டும் அமரும் அறை, டிரம்ஸுக்கும் மைக் இல்லை, பாட்டு மட்டுமே ஸ்பீக்கரில் வருகிறது என்றால் கிட்டாருக்கும் வேண்டியதில்லை. அப்போதும் நான் மைக்கை வைத்து, ஃபேடரை (மிக்சரில் அந்த மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழை) முழுவதும் இறக்கி வைத்திருப்பேன். கூட்டம் நிறைந்த பிறகு அறையின் ஒலி மாறிவிடும். மனித உடல்களும் உடைகளும் உயர் அதிர்வெண்களை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நேரத்தில் மேடையில் ஏறி மைக் தேடக் கூடாது.

எந்த மைக் நல்லது?

ஷூர் எஸ்எம்57. இந்தப் பதில் பலருக்குச் சலித்துப்போயிருக்கலாம். ஆனாலும் இதைத்தான் சொல்வேன். 1965ல் வெளிவந்த இந்த மைக் இன்றும் உலகெங்கும் கிட்டார் ஆம்புகளின் முன்னே நிற்கிறது. இது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும் டைனமிக் வகை. எவ்வளவு சத்தம் கொடுத்தாலும் தாங்கும். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தாழ்ந்த அதிர்வெண்களைக் கொஞ்சம் விட்டுவிட்டு, 5, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சற்றே எழும்பிக் கேட்பது இதன் இயல்பு. நெரிசலான இசைக்கு நடுவே கிட்டார் தெளிவாகத் தெரிய அந்த எழும்பல் உதவுகிறது.

சென்ஹைசர் இ609, இ906 ஆகியவையும் இந்த வேலைக்கே பிறந்தவை. தட்டையான உடல், பக்கவாட்டு முகம். அதே நிறுவனத்தின் எம்டி 421 இன்னும் கனமான, நிறைவான ஒலி தரும். ஆனால் உருவம் பெரியது, சிறிய மேடையில் இடம் அடைக்கும்.

எதுவும் கிடைக்காத நாளில் பாடகருக்கென்று கொண்டுவந்த எஸ்எம்58ஐ எடுத்து வையுங்கள். அது எஸ்எம்57க்கு நெருங்கிய உறவுதான். உருண்டையான வலைத்தலை காரணமாக ஸ்பீக்கரை அவ்வளவு நெருங்க முடியாது என்பதே முக்கிய வேறுபாடு. நல்ல இடத்தில் வைத்த சாதாரண மைக், தவறான இடத்தில் வைத்த உயர்ந்த மைக்கைத் தோற்கடிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கண்டென்சர் மைக்கோ ரிப்பன் மைக்கோ வைக்கலாமா?

பதிவுக் கூடத்தில் தாராளமாக வைக்கலாம். சிறிய மேடையில், மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். மெல்லிய உலோகப் பட்டையால் கேட்கும் ரிப்பன் மைக்குகளில் பெரும்பாலானவை முன்புறம் கேட்கும் அளவுக்கே பின்புறமும் கேட்கும். பின்புறத்தில் நிற்பவர் டிரம்மராக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மைக்கைச் சரியாக எங்கே வைக்க வேண்டும்?

இந்த ஒன்றுக்கு மட்டும் பொறுமையாக நேரம் ஒதுக்குங்கள். மற்றவை தானாகச் சரியாகும்.

முதலில் ஒரு டார்ச் விளக்கை ஆம்பின் முன்துணிமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். துணிக்குப் பின்னால் ஸ்பீக்கரின் வட்டம் தெரியும். நடுவே ஒரு சிறிய குமிழ் மூடி, அதைச் சுற்றிக் காகிதக் கூம்பு, கடைசியில் விளிம்பு. பல ஆம்புகளில் ஸ்பீக்கர் பெட்டியின் நட்டநடுவில் இருப்பதில்லை. ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் துணியின் நடுவைக் குறிவைத்து மைக் வைத்தவர் உண்மையில் கூம்பின் விளிம்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். பின்பக்கம் திறந்த ஆம்ப் என்றால் உள்ளே எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

குமிழ் மூடியின் நேர்முன்னே ஒலி மிகக் கூர்மையாக இருக்கும். அங்கிருந்து விளிம்பை நோக்கி நகர நகரக் கூர்மை மழுங்கி, கனம் கூடும். குமிழ் மூடி முடிந்து கூம்பு தொடங்கும் அந்த எல்லைக் கோட்டில்தான் நான் எப்போதும் தொடங்குவேன். துணியிலிருந்து இரண்டு விரற்கடை தூரம். மைக்கின் தலை துணிக்கு நேர்செங்குத்தாக இருக்கட்டும்.

பிறகு கேளுங்கள். குத்துகிறதா? வெளிப்பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்துங்கள். மந்தமாக இருக்கிறதா? நடுவை நோக்கி ஒரு விரற்கடை. அந்த ஒரு விரற்கடை நகர்வு மிக்சரில் தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூ குமிழைக் கால் சுற்றுத் திருப்பியதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும். ஈக்யூ வந்து சேர்ந்த ஒலியைத்தான் திருத்தும். மைக்கை நகர்த்தினால் வந்து சேரும் ஒலியே வேறாகிறது.

தூரம் எவ்வளவு முக்கியம்?

ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்கை ஒலி மூலத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனால் தாழ்ந்த அதிர்வெண்கள் பெருக்கும். வானொலி அறிவிப்பாளர்கள் மைக்கை ஒட்டிப் பேசும்போது குரல் கனப்பதும் இதனால்தான். ஆகவே துணியை ஒட்டி வைத்தால் கிட்டார் பருமனாகும். ஒரு சாண் பின்னுக்கு இழுத்தால் மெலியும், அத்துடன் அறையும் டிரம்ஸும் உள்ளே நுழையும். மேடைக்கு 2 முதல் 5 செ.மீ. வரை சரியான எல்லை.

துணியைத் தொடும்படி மட்டும் வைக்காதீர்கள். தாழ்ந்த சுரங்களில் பெட்டி அதிரும்போது மைக்கின் தலை துணியில் தட்டி, இனம் தெரியாத கடகட ஓசை வரும். ஒருமுறை ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றே நினைத்து அரைமணி நேரம் தேடினோம்.

மைக்கைச் சாய்த்து வைக்கச் சொல்கிறார்களே?

சுமார் 45 பாகை சாய்த்தால் உயர் அதிர்வெண்கள் சற்று அடங்கும். பக்கவாட்டில் நகர்த்தியும் தீராத கூர்மைக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

ஸ்பீக்கர் முன் காதை வைத்து நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கூம்புக்கு அருகே ஒலியளவு 110 டெசிபலைத் தாண்டிப்போகும். காது ஒருமுறை கெட்டால் திரும்ப வராது.

அதற்குப் பதிலாக எனக்கு ஒரு மூத்த ஒலிப் பொறியாளர் கற்றுத்தந்த வழியைச் சொல்கிறேன். கிட்டார் கலைஞரை வாசிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். ஒலியை உறுமலாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மட்டும் போட்டு வைக்கட்டும். ஆம்பிலிருந்து மெல்லிய இரைச்சல் வரும். நீங்கள் காதை முழுவதும் மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிக்சரில் அந்த மைக்கின் வழியான சேனலை மட்டும் கேளுங்கள். இன்னொருவர் மைக்கைத் துணிக்கு இணையாக, நத்தை வேகத்தில், விளிம்பிலிருந்து நடுவுக்கு நகர்த்தட்டும். விளிம்பில் தொலைதூர மழைபோல் ‘ஹூ’ என்று கேட்கும். கூம்பின் பாதியில் ‘ஷ்ஷ்’ என்று மாறும். குமிழ் மூடிக்கு நேரே வரும்போது ‘ஸ்ஸ்’ என்று சீறும். அந்த மூன்றுக்கும் இடையில், மழையும் சீறலும் சமமாகத் தோன்றும் ஓரிடம் இருக்கும். அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். முதல் சுரம் வாசிக்கப்படும்போதே பெரும்பாலும் சரியாக இருக்கும். இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருப்பதால்தான் இது வேலை செய்கிறது.

என் கேபினெட்டில் நான்கு ஸ்பீக்கர்கள். எதன் முன் வைப்பது?

நான்கும் ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றினாலும் பழகப் பழக ஒவ்வொன்றும் தனிக் குரல் பெற்றுவிடும். நேரம் இருந்தால் மேலே சொன்ன இரைச்சல் வழியில் நான்கையும் கேட்டுப் பாருங்கள். நேரம் இல்லாவிட்டால் டிரம்ஸுக்குத் தொலைவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தரைக்கு அருகில் இருப்பவை தரையின் எதிரொலியையும் சேர்த்துக் கொடுக்கும் என்பதால் மேல் வரிசையே என் விருப்பம்.

ஸ்டாண்ட் இல்லை. மைக்கை ஆம்பின் மேலிருந்து கேபிளாலேயே தொங்கவிடலாமா?

மைக்கின் முகம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இ609, இ906 போன்ற தட்டை மைக்குகள் பக்கவாட்டில் கேட்பவை. தொங்கவிட்டால் அவற்றின் முகம் ஸ்பீக்கரைப் பார்க்கும். எந்தப் பக்கம் முன்புறம் என்று மட்டும் பார்த்துத் தொங்கவிடுங்கள்; திருப்பித் தொங்கவிட்டு ‘இந்த மைக்கே சரியில்லை’ என்று சொன்னவர்கள் உண்டு.

எஸ்எம்57 தலைநுனியால் கேட்பது. அதைத் தொங்கவிட்டால் அது தரையைக் கேட்கும்; ஸ்பீக்கர் அதன் விலாப்பக்கம் நிற்கும். ஒலி வராமல் இல்லை, ஆனால் உயிரில்லாமல் வரும். மிக்சரில் நிற்பவர் உயர் அதிர்வெண்களை ஏற்ற, சிம்பலின் சத்தம் முதலில் ஏறும். குறுக்குக் கை உள்ள ஒரு குட்டையான பூம் ஸ்டாண்ட், அல்லது கேபினெட்டின் விளிம்பைக் கவ்வும் பிடிப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். மைக்குக்கு அடுத்தபடி இதுதான் பயனுள்ள செலவு.

நான் நிற்கும் இடத்தில் அருமையாகக் கேட்கிறது. அரங்கில் ஏன் காதைக் குத்துகிறது?

இதைக் கேட்காத கிட்டார் கலைஞரை நான் சந்தித்ததில்லை. பதில் உங்கள் முழங்காலில் இருக்கிறது.

சிறிய ஆம்ப் தரையில் இருக்கிறது. அதன் ஸ்பீக்கர் உங்கள் முழங்காலைப் பார்க்கிறது. குவிந்து வரும் உயர் அதிர்வெண்கள் உங்கள் கால்களைத் தாண்டி, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் போய்ச் சேர்கின்றன. மேலே நிற்கும் உங்கள் காதுக்கு மழுங்கிய ஒலிதான் வருகிறது. அதனால் உயர் அதிர்வெண்களுக்கான ட்ரெபிள் குமிழை ஏற்றுகிறீர்கள். உங்களுக்கு இனிமையாகிறது, முன்வரிசைக்கும் மைக்குக்கும் வேதனையாகிறது.

ஆம்பை உயர்த்துங்கள், அல்லது பின்னுக்குச் சாய்த்து அதன் முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி செய்யுங்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் பெரிய காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள) ஆம்புகள் சிலவற்றில் இரு பக்கமும் சாய்வுக் கால்கள் இருப்பது இதற்காகத்தான். உறுதியான நாற்காலியோ காலிப் பெட்டியோ போதும். ஒருமுறை ஒரு இளைஞர் என் சொல்லைக் கேட்டு ஆம்பைப் பெட்டிமேல் ஏற்றினார். முதல் கார்டை (பல சுரங்கள் சேர்ந்த மீட்டலை) வாசித்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே குனிந்து ட்ரெபிளைக் குறைத்தார். ஒட்டுமொத்தச் சத்தத்தையும் குறைத்தார். அன்று இரவு அவருடைய சேனலில் நான் ஈக்யூவையே தொடவில்லை.

ஆம்பை எவ்வளவு சத்தமாக வைக்கலாம்? குறைத்தால் ஒலி செத்துவிடுகிறதே?

வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்பை ஓரளவு ஏற்றினால்தான் அதன் உறுமல் வரும் என்பது உண்மை. அதனால் சிறிய மேடைக்குச் சிறிய ஆம்ப் கொண்டுவாருங்கள். 30 வாட்டிலிருந்து 15 வாட்டுக்கு இறங்கினால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குப் பாதியாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். அதாவது வாட் பத்தில் ஒன்றாக வேண்டும். 15 வாட் வால்வு ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று என்பது டிரம்ஸோடு சமமாக நிற்கப் போதுமானது.

பெரிய ஆம்புகள் பிறந்த காலம் வேறு. 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் இசைக்குழு நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,000க்கும் மேற்பட்டோர் முன் வாசித்தபோது கிட்டார்களுக்குத் துணை வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட் ஆம்புகள்தான். ஆம்பின் சத்தத்தாலேயே கூட்டத்தை நிரப்ப வேண்டியிருந்த காலம் அது. இன்று அந்தச் சுமையை அரங்கின் ஸ்பீக்கர்கள் சுமக்கின்றன.

என் அளவுகோல் இதுதான்: கிட்டார் மைக் இல்லாமல், டிரம்மர் வழக்கம்போல் வாசிக்க, பாடகர் தன்னை நோக்கி வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் தன் குரலைச் சிரமமின்றிக் கேட்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கிட்டார் இறங்க வேண்டும். எல்லோருடைய காதும் கணக்கில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில் நலப் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்றால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான்.

மிக்சரில் கெய்ன் (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவு) எவ்வளவு வைப்பது?

கலைஞரிடம் ‘இன்று நீங்கள் வாசிக்கப்போவதிலேயே மிகச் சத்தமானதை வாசியுங்கள்’ என்று கேளுங்கள். தனி வாசிப்புக்கென்று ஒரு பூஸ்ட் பெடல் வைத்திருப்பார். அதையும் போடச் சொல்லுங்கள். அந்த உச்சம் டிஜிட்டல் மிக்சரின் அளவியில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் கெய்னை நிறுத்துங்கள். ஆம்புக்கு முன்னே உள்ள மைக்குக்கு மிகக் குறைந்த கெய்னே போதும். கெய்ன் முழுவதும் இறங்கியும் சிவப்பு விளக்கு எரிந்தால் சிக்னலைக் குறைக்கும் பேட் பொத்தானை அழுத்துங்கள்.

ஈக்யூவில் என்ன செய்வது?

முடிந்தவரை எதுவும் செய்யாதீர்கள். செய்தால் இந்த வரிசையில்.

முதலில், தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் போடுங்கள். கிட்டாரின் மிகத் தாழ்ந்த திறந்த நரம்பு ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வருவதெல்லாம் மேடையின் அதிர்வும் பக்கத்தில் நிற்கும் பேஸ் கிட்டாரும்தான். கிட்டார் மொத்தையாகக் கேட்டால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் கொஞ்சம் குறையுங்கள். பாடகரின் சொற்கள் கிட்டாருக்குள் மூழ்கினால் 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் கிட்டாரை 2, 3 டெசிபல் இறக்குங்கள். குரலின் தெளிவு இருக்கும் இடம் அது. கிட்டார் ஸ்பீக்கர்கள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடுவதால், அங்கே ஏற்றுவது சிம்பலுக்குத்தான் உதவும்.

6 டெசிபலுக்கு மேல் எதையாவது வெட்ட வேண்டியிருந்தால் குமிழை விட்டுவிட்டு மேடைக்கு நடந்துபோய் மைக்கை நகர்த்துங்கள்.

கம்ப்ரசரும் ரிவர்பும்?

டிஸ்டார்ஷன் கிட்டார் ஏற்கெனவே நெருக்கி அழுத்தப்பட்ட ஒலி. சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரசர் தேவையில்லை. எதிரொலி சேர்க்கும் ரிவர்பைக் கலைஞர் தன் ஆம்பிலேயே போட்டிருப்பார். சிறிய அறையும் தன் பங்கைச் சேர்க்கும்.

இரண்டு மைக் வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமா?

சிறிய மேடையில் பெரும்பாலும் மோசமாகும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் பயணிக்கிறது. ஒரு மைக் மற்றதைவிட 17 செ.மீ. தள்ளி இருந்தால் ஒலி அதற்கு அரை மில்லிநொடி தாமதமாகப் போய்ச் சேரும். இரண்டையும் சேர்க்கும்போது 1 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒன்று ஏறும் நேரத்தில் மற்றது இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதன் மேலும் சீப்பின் பற்களைப்போல் பல இடைவெளிகள் விழும். தனித்தனியே நன்றாக இருந்த இரண்டும் சேர்ந்ததும் குழாய்க்குள் வாசிப்பதுபோல் ஆவது இதனால்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: 1975ல் வந்த ரோலண்ட் ஜேசி-120. பல கிட்டார்கள் சேர்ந்து ஒலிப்பதுபோல் தோன்றவைக்கும் அதன் கோரஸில் ஒரு ஸ்பீக்கர் மாற்றமில்லாத ஒலியையும் மற்றது அசைவூட்டிய ஒலியையும் தருகின்றன. கோரஸ் பிறப்பது இரண்டும் கலக்கும் காற்றில். ஒன்றின் முன் மட்டும் மைக் வைத்தால் கோரஸ் மேடையோடு நின்றுவிடும். அந்த ஆம்புக்கு இரண்டு மைக், இரண்டும் ஒரே தூரத்தில்.

என் ஆம்பின் பின்பக்கம் திறந்திருக்கிறது. பின்னாலும் வைக்கலாமா?

கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. பின்னால் ஒரு மைக் சேர்த்தால் அந்தச் சேனலில் சிக்னலைத் தலைகீழாக்கும் துருவ மாற்றப் பொத்தானை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் தாழ்ந்த ஒலி காணாமல் போகும். சிறிய மேடையில் இதைச் செய்து பார்க்க எனக்கு நேரம் கிடைத்ததே இல்லை. ஆம்பைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சுமார் ஒரு முழம் தள்ளி வைத்தாலே போதுமான பலன் உண்டு.

கிட்டார் மைக்கில் டிரம்ஸ் கேட்கிறது. எப்படித் தடுப்பது?

மைக்கின் முதுகு டிரம்ஸைப் பார்க்கும்படி ஆம்பைத் திருப்புங்கள். முன்புறத்தையே முக்கியமாகக் கேட்கும் கார்டியாய்டு வகை மைக் தனக்கு நேர்பின்னே வருவதைக் கேட்பது மிகக் குறைவு. அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு வகையில் செவிட்டுப்புள்ளி நேர்பின்னே இல்லை. பின்புறமாகச் சற்றுப் பக்கவாட்டில், சுமார் 126 பாகையில் இருக்கிறது. ஆம்பை மேடையின் ஓரத்தில் வைத்து மேடையின் குறுக்கே பார்க்கும்படி திருப்பி வைப்பதும் நல்ல ஏற்பாடு. வாசிப்பவருக்கு நன்றாகக் கேட்கும், முன்வரிசையும் தப்பிக்கும்.

மைக் வேண்டாம், டிஐ பெட்டியில் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றித் தரும் சிறு பெட்டி) நேராகக் கொடுத்துவிடலாமா?

டிஸ்டார்ஷன் பெடலைச் சாதாரண டிஐ பெட்டி வழியே மிக்சருக்குக் கொடுத்துப் பாருங்கள்: தேனீக்கூட்டம்போல் ரீங்கரிக்கும். கிட்டார் ஸ்பீக்கர் உயர் அதிர்வெண்களை வடிகட்டுகிறது. அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்டார்ஷன் நிர்வாணமாக நிற்கிறது. ஸ்பீக்கரைப் போலி செய்யும் கருவி வழியே கொடுத்தால் நன்றாக இருக்கும்; மேடையில் மௌனம் தேவைப்படும் இடங்களில் அதுவே சிறந்தது.

ஓர் எச்சரிக்கை. ஆம்பின் ஸ்பீக்கர் வெளியீட்டை அதற்கென்று செய்யப்படாத டிஐ பெட்டியில் ஒருபோதும் செருகாதீர்கள். வால்வு ஆம்பை ஸ்பீக்கரோ அதற்கு ஈடான சுமையோ இல்லாமல் ஓட்டினால் அதன் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

பேஸ் கிட்டாருக்கும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் இதே முறையா?

இல்லை. இரண்டுக்கும் டிஐ பெட்டிதான் எளிது, தூய்மையானது.

பாடும்போது மைக் உதட்டில் ஷாக் அடிக்கிறது. என்ன செய்வது?

உடனே நிறுத்துங்கள். ஆம்பின் எர்த்தும் மிக்சரின் எர்த்தும் ஒன்றோடொன்று சேரவில்லை, அல்லது எங்கோ எர்த் இணைப்பே இல்லை. கிட்டாரின் நரம்புகள் ஆம்பின் எர்த்தோடும், மைக்கின் உலோகத்தலை மிக்சரின் எர்த்தோடும் இணைந்திருக்கின்றன. நடுவில் பாலமாக நிற்பது மனிதர். 1972ல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி வேல்ஸின் ஸ்வான்ஸீ நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்துபோனார்.

ஆம்பும் மிக்சரும் ஒரே மின் இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். இரைச்சலைக் குறைக்க என்று ஆம்பின் பிளக்கில் எர்த் முனையை உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி உடைத்த ஆம்பை நான் மேடையில் ஏற்ற அனுமதிப்பதில்லை. எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் சரி. எர்த் சரியாக இருந்தும் ‘ஹம்’ வந்தால், டிஐ பெட்டியில் உள்ள லிஃப்ட் பொத்தானைப் பயன்படுத்துங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும்.

சவுண்ட் செக்குக்கு 10 நிமிடம்தான். எதை முதலில் செய்வது?

ஆம்பின் இடத்தையும் சாய்வையும் முதலில் முடிவுசெய்யுங்கள். மைக்கைக் குமிழ் மூடியின் எல்லையில், இரண்டு விரற்கடை தூரத்தில் நிறுத்துங்கள். கெய்ன், ஹை-பாஸ். பிறகு முழுக் குழுவையும் ஒரு பாடல் வாசிக்கச் சொல்லி, நீங்கள் அரங்கின் நடுவுக்கு வந்து ஃபேடர் இறங்கிய நிலையிலேயே கேளுங்கள். ஆம்பிலிருந்து ஏற்கெனவே எவ்வளவு வருகிறது என்று தெரிந்த பிறகு, குறைவதை மட்டும் ஃபேடரால் சேருங்கள். தனியாக கிட்டாரை மட்டும் கேட்டு அழகுபடுத்த 10 நிமிடத்தில் இடமில்லை.

நிகழ்ச்சி நடுவே யாரோ ஸ்டாண்டை இடறிவிட்டார்கள். பழைய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இடறுவார்கள் என்று முன்பே எண்ணிக்கொள்ளுங்கள். இடம் முடிவானதும் துணியில் மைக் நுனிக்கு நேரே ஒரு சிறு வெள்ளை டேப் துண்டை ஒட்டுங்கள். ஒட்டும் பசை துணியில் படியாத காகித டேப் நல்லது. ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் தரையில் ஆளுக்கொரு துண்டு. கேபிளை ஸ்டாண்டின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, சற்றுத் தளர்வு விட்டுக் கட்டுங்கள். யாராவது கேபிளை மிதித்தாலும் இழுப்பு ஸ்டாண்டின் காலோடு நிற்கும், மைக்குக்குப் போகாது. பிறகும் நகர்ந்துவிட்டால் இரண்டு பாடல்களுக்கு இடையே அந்தச் சேனலை மௌனமாக்கிவிட்டு மேடைக்குப் போய், கால்களை டேப்பில் பொருத்தி, நுனியை வெள்ளைத் துண்டுக்கு நேரே கொண்டுவந்து, இரண்டு விரல்களைத் துணிக்கும் மைக்குக்கும் நடுவே வைத்துத் தூரம் பாருங்கள். 15 நொடி போதும். அடுத்த பாடலின் முதல் கார்டுக்கு முன் திரும்பி வந்து சேனலைத் திறந்துவிடலாம்.